விரற்கடைத் தண்டவாளம்

தலவாக்கலையில் மாலை நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கத் தொடங்கினால், எதிர் மலையும் அதன் சரிவிலுள்ள தேயிலை நிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துபோகும். அவ்வேளையில், நகரத்துக்குச் சற்று அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே, கடைசிக் காம்பராவில் வாழும் முதியவர் ஒருவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மேசையின் முன் அமர்வார். பழைய வேட்டியிற் கிழித்த வெள்ளைத் துண்டொன்றை ஆட்காட்டி விரலிற் சுற்றுவார். மேசைமீது நீள்வட்டமாக வளைந்து கிடக்கும் இரண்டு எஃகுக் கோடுகளை, பிள்ளையின் கடைவாயைத் துடைக்கும் தாயைப்போல, அழுத்தாமலும் விடாமலும் துடைத்துக்கொண்டே செல்வார். துண்டு கறுக்கும். கறுத்த பக்கத்தை உள்ளே மடித்து, வெள்ளைப் பக்கத்தால் மீண்டும் தொடங்குவார். துண்டு கறுப்பது நிற்கும் வரையில் வண்டி புறப்படுவதில்லை.

அது விளையாட்டு வண்டி. கரும்பச்சை நிற இயந்திரம் ஒன்று, பயணிகள் பெட்டிகள் இரண்டு, சரக்குப் பெட்டிகள் மூன்று, அவ்வளவே. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள மார்கேற் நகரில், 'ட்ரை-ஆங்' என்னும் பெயருடன் 1960களில் உருவாகிக் கப்பலேறி வந்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு விரற்கடை. லயத்துக்குக் கீழே, தோட்டத்தின் எல்லையை வளைத்துச் செல்லும் இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். ஒன்று மற்றதன் நூற்றில் ஒரு பங்கிலும் இம்மியளவே குறைவு. மார்கேற் நகரத்தார் இலங்கையை மனத்திற் கொண்டு இந்த அளவை வகுத்திருக்க நியாயமில்லை. தம் நாட்டுப் பாதைக்குக்கூட அவர்கள் சரியான அளவைக் கொடுத்தார்களில்லை. எழுபத்தாறில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டு பெட்டிகளைச் செய்தவர்கள், பாதையை மட்டும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேலாக ஒடுக்கிவிட்டனர். ஆயினும் தற்செயலாக நேர்ந்த இந்த நூற்றுக்கு ஒன்று என்னும் பொருத்தத்தை முதியவர் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. கீழே போவது பெரிய கோச்சி, மேலே இருப்பது அதன் பிள்ளை என்பது அவர் கணக்கு.

முதியவர் 1968இல், பதினான்காம் வயதிற் பெரியதுரையின் பங்களாவுக்கு வேலைக்குச் சென்றவர். தகப்பனார் தோட்டத்துத் தப்பால்காரர். நாள்தோறும் தோல்பையைத் தோளிலிட்டுத் தலவாக்கலை நிலையத்துக்கு நடந்து சென்று, தபாலைப் பெற்று வருபவர். மகன் கொழுந்துக் கணக்கிலோ கவ்வாத்துக் கத்தியிலோ அகப்படாமல் பங்களாவுக்குள் நுழைந்தது அந்தப் பையின் செல்வாக்கினால் என்று லயத்தில் அக்காலத்திற் பேசிக்கொண்டார்கள். சமையலறையில் அப்புவுக்கு எடுபிடி, சப்பாத்துத் துடைத்தல், கதவுகளின் பித்தளைப் பிடிகளை வாரமொருமுறை மெருகிடுதல் என்பவை முதலாண்டில் அவருக்கு விதிக்கப்பட்டவை. பங்களாவின் பின்பக்க அறையொன்றில் வண்டிப் பாதை விரிக்கப்பட்டிருந்தது. துரையின் மகன் சீமைப் பள்ளிக்கூடத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போது மட்டுமே அது ஓடும். ஏனைய மாதங்களிலும், சில இரவுகளில், துரை தனியே அந்த அறையில் அமர்ந்து அதனை ஓட்டுவதுண்டு என்பது பங்களா வேலைக்காரர் மட்டும் அறிந்த இரகசியம். ஐந்நூறு பேரைப் பிரட்டுக்களத்தில் நிறுத்தி ஏவும் மனிதர், இரவிலே ஒரு சாண் நீள இயந்திரத்தின் முன் முழந்தாளிட்டிருந்த காட்சியை அந்தப் பையன் கதவிடுக்கினூடாகப் பார்த்திருக்கிறான்.

அப்பாதையைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ஒருநாள் அவனிடம் வந்தது. எப்படிச் செய்வது என்று எவரும் சொல்லவில்லை. பித்தளைப் பிடியைத் துலக்கிப் பழகிய கைக்குத் தெரிந்த ஒரே மருந்து பிறாசோ. தகரத்தைக் குலுக்கி, துணியில் ஊற்றி, மூன்று மணிநேரம் தேய்த்தான். தண்டவாளம் கண்ணாடியாக மின்னியது. அன்றிரவு துரை கைப்பெட்டியைத் திருகினார், வண்டி அசையவில்லை. மேலும் திருகினார், ஒருமுறை துள்ளி நின்றுவிட்டது. மறுநாட் காலையிற் பையனை அழைத்து, தோட்டத்துரைமார் பேசும் அந்த முறிந்த தமிழிலே சொன்னார்: "நீ கதவு துடைக்கிறது. இது கதவு இல்லே. இது பளபளப்பு, சுத்தம் இல்லே."

அடிவிழும் என்று நின்ற பையனுக்கு அச்சொற்கள் அடியினும் வலித்தன. மூன்று மணிநேர உழைப்பு மின்னுகின்றது. கண்முன்னே மின்னுவதை எவ்வாறு அழுக்கென்று சொல்வது? அதற்கு விடைகாண அவனுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

விடை எளியதுதான். கதவுப்பிடி பார்ப்பதற்கு உரியது. தண்டவாளம் தொடுவதற்கு உரியது. வண்டி இயங்குவதற்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியாக வந்து, சில்லில் ஏறி, மோட்டாரைச் சுழற்றி, எதிர்ப்புறச் சில்லின் வழியாக மற்றத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிச் செல்கிறது. உருண்டையான சில்லு நேரான தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஊசிமுனையளவு. அம்முனையில் உலோகம் உலோகத்தைத் தொடவேண்டும். இடையே மெருகுப் பசை உலர்ந்த வெண்படலம் ஒன்றிருந்தாற் போதும், மின்சாரம் நின்றுவிடும். படலம் எவ்வளவு மெல்லியதாயினும், எவ்வளவு அழகாயிருந்தாலும், அது மின்சாரத்துக்கு மதிலே.

அழுக்கு வரும் வழிகளோ பல. அச்சுக்கு இட்ட எண்ணெய் மிகுந்தாற் சில்லின் வழியே வழிந்து பாதையில் இறங்கும். அதில் தூசு ஒட்டும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்புத் தங்கும். சில்லு தண்டவாளத்தை விட்டுக் கணநேரம் எழும்பும்போது கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். அது சுட்ட இடத்திற் கரி படியும். கரி படிந்த இடத்தில் மேலும் பொறி, மேலும் கரி. இவ்வாறு அழுக்குத் தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். இவ்வளவுக்கும் மேலாகப் பெட்டிகளின் சில்லுகள் இருக்கின்றன. அவை பிளாஸ்டிக்கால் ஆனவை. பாதையிலுள்ள கறுப்பையெல்லாம் வாரித் தம் விளிம்பிற் பூசிக்கொண்டு, பாதை துடைக்கப்பட்ட மறுகணமே அதனைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாதையை மட்டும் துடைத்துச் சில்லை மறப்பவன் பாதியளவு வேலைகூடச் செய்தவனாகான்.

கீழேயுள்ள பெரிய பாதைக்கும் இக்கவலை உண்டு. ஆனால் அது வேறொரு காரணத்தால் வருகிறது. கொழும்பிலிருந்து அம்பேபுச வரையில் 1864இல் ஓடத் தொடங்கிய இலங்கைப் புகையிரதம், கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் தேடி மலையேறி 1885இல் நானுஓயாவை அடைந்தது. பதுளையை அடைய 1924 ஆயிற்று. நாற்பத்து நான்கு அடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றங்களும் இதில் உண்டு. பட்டிப்பொலவில் அது கடல்மட்டத்துக்கு மேல் 1898 மீற்றரைத் தொடுகிறது. இவ்வேற்றங்களில் இயந்திரம் பெட்டிகளை இழுப்பது எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு? எஃகுச் சில்லு எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் சுண்டுவிரல் நகமளவான இடத்தைத்தான். அவ்விடம் உலர்ந்திருந்தாற் பிடி உண்டு. நசுங்கிய இலைச்சாறோ எண்ணெயோ துருவோடு கலந்த ஈரமோ படிந்திருந்தால், இயந்திரத்தின் வலிமை முழுவதும் சில்லை நின்ற இடத்திலேயே சுழற்றுவதிற் கழியும்.

இதிலே மலையகத்தார் நன்கறிந்த ஒரு விந்தை உண்டு. கொட்டும் மழை அவ்வளவு கேடு செய்வதில்லை. அது பாதையைக் கழுவிவிடும். பனித்தூறலே பகை. அது கழுவவும் மாட்டாது, காயவும் விடாது. துருவையும் தூசியையும் குழைத்துச் சவர்க்காரம்போலப் பூசிவிடும். தப்பால் பை சுமந்த தகப்பனாருடன் நிலையத்துக்குச் சென்ற நாட்களில், தூறலில் ஒரு வண்டி புறப்பட மாட்டாமற் சில்லுகள் அலறச் சுழன்றதைச் சிறுவனாயிருந்த முதியவர் பார்த்திருக்கிறார். அதற்கு மருந்து மணல். இயந்திரத்தின் அடியிலே மணற்பெட்டி உண்டு. சாரதி வேண்டும்போது சில்லின் முன்னே காய்ந்த மணலைத் தூவுவார். மணல் அரைபட்டுப் பிடி கொடுக்கும். பையன் இந்த உபாயத்தைப் பங்களா அறையிற் செய்து பார்க்கவில்லை என்பதை அவனது நல்லூழ் என்றே கொள்ளவேண்டும். பெரிய கோச்சிக்கு உயிரான மணல், சிறியதற்கு நஞ்சு. மின்சாரம் மணலைக் கடவாது. மணல் பற்சக்கரத்துட் புகுந்தால் மோட்டாரும் பிழையாது.

ட்ரை-ஆங் செய்தவர்கள் பிடிக்கு வேறொரு வழி கண்டிருந்தார்கள். அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றின் அடியிற் காந்தம் வைத்தார்கள். பாதை எஃகாதலால் இயந்திரம் அதனோடு ஒட்டிக்கொண்டு ஏற்றம் ஏறும். பையன் இதனை அறிந்தது ஒரு விபத்தினால். பிறாசோ பொய்த்தபின் அவன் சமையலறையிலிருந்து இரும்புக் கம்பி நார் கொண்டுவந்து தேய்த்தான். நாரிலிருந்து உதிர்ந்த மயிரிழைகள் யாவும் காந்தத்திற் குத்திட்டு நின்று, இயந்திரம் முள்ளம்பன்றியின் குட்டியாயிற்று. அவற்றை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க இரண்டு நாட்கள் சென்றன. அரத்தாளைப் பயன்படுத்தாமற் போனதும் அந்த இரண்டு நாட்களில் துரையின் மகனிடமிருந்து கேட்டறிந்த பாடத்தால். அரத்தாள் அழுக்கை நீக்கும். ஆனாற் கீறலை விட்டுச் செல்லும். கீறல் ஒவ்வொன்றும் அடுத்த அழுக்குக்கு வீடாகும். இறுதியில் எஞ்சியது ஒரு துளி ஸ்பிரித்தும் வெள்ளைத் துணியும் விரலும்.

ஏழாண்டுகள் அவன் அப்பாதையைத் துடைத்தான். அந்த ஏழாண்டுகளில் ஒருமுறையேனும் வேகப்பெட்டியின் திருகியை அவன் தொட்டதில்லை. துடைப்பது ஒருவர், ஓட்டுவது இன்னொருவர் என்பது பங்களாவில் எழுதப்படாத சட்டம். தோட்டத்தின் ஏனைய சட்டங்களும் அதனின்று வேறல்ல.

பின்னர் வந்த ஆண்டுகள் பிரிவுகளின் ஆண்டுகள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணி வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. முதியவரின் தமக்கை கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் இந்தியப் பங்கில் விழுந்தாள். தலவாக்கலை நிலையத்தில் ஏறி, தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேற வேண்டும். நிலையமேடையில் எழுந்த ஒப்பாரியைப் பற்றி அவர் இன்றும் விரித்துப் பேசுவதில்லை. அன்று தூறல் இருந்தது. வண்டி புறப்படும்போது சில்லு இரண்டு முறை சறுக்கியது. அந்த இரண்டு முறையும் வண்டி போகாமல் நின்றுவிடும் என்று தாயார் நம்பினாள் என்று மட்டும் சொல்வார். சாரதி மணல் தூவியிருக்க வேண்டும். வண்டி போய்விட்டது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை சீமைக்குப் புறப்பட்டார். பங்களாச் சாமான்கள் ஏலத்திலும் அன்பளிப்பாகவும் பிரிந்தன. அப்புவுக்குத் தட்டுமுட்டுப் பாத்திரங்கள். தோட்டக்காரனுக்குக் குடையும் கம்பளிச் சட்டையும். இருபத்தொரு வயதான அந்த இளைஞனுக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே வண்டியும் பாதையும் மின்மாற்றியும் இருந்தன. மகன் வளர்ந்துவிட்டான் என்று துரை சொன்னாராம். அதற்குமேல் அவர் என்ன நினைத்தார் என்பதை ஊகிப்பது வீண்.

பெட்டி லயத்துக்கு வந்தது. லயத்தில் மின்சாரம் இல்லை. தோட்டத்து நீர்ச்சக்கரம் சுழற்றிய மின்சாரம் இஸ்டோருக்கும் பங்களாவுக்கும் போய், லயத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. பள்ளத்தாக்கிலே ஆறு இரைந்து விழும் நாட்டில், மண்ணெண்ணெய்ப் புட்டி விளக்கின் ஒளியில், ஓட முடியாத வண்டி ஒன்றை ஓர் இளைஞன் பாதுகாத்தான். ஒருநாள் இருநாளன்று, இருபது ஆண்டுகளுக்கு மேல்.

ஓடாத பாதையைக் காப்பதே கடினம். ஓடும் தண்டவாளத்தைச் சில்லே உரசி ஓரளவு சுத்தமாக வைத்திருக்கும். ஓடாததைத் துரு தின்னும்; அதுவும் தலவாக்கலையின் ஈரத்தில் எஃகு ஒரு மாதத்திற் செம்மண் நிறமாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் பூசி, பழைய புடைவையிற் சுற்றி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தார். அடுப்பின் சூடு ஈரத்தைத் தடுத்தது. ஆனால் அடுப்பின் புகை எண்ணெயிற் படிந்து தார்போல் இறுகியது. பரணிலிருந்து இறக்கினால் ஈரம், ஏற்றினாற் புகை. இந்த இரண்டுக்குமிடையே மாதமொரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டியை இறக்கி, ஒவ்வொரு துண்டுப் பாதையையும் துடைத்து, மீண்டும் எண்ணெயிட்டு ஏற்றுவார். மனைவி இதனைப் பைத்தியம் என்றாள். பயனைக் கொண்டு பார்த்தால் அவள் சொன்னதிற் பிழையில்லை. வண்டி ஓடாது, ஓடுமென்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஆயினும், அவர் துடைத்த பொருள்களுள் முதன்முதலாக அவருக்கே உரியது அது என்பதை அவள் கணக்கிலெடுக்கவில்லை.

1990களின் நடுவில் அந்த லயத்துக்கு மின்சாரம் வந்தது. காம்பராவுக்கு ஒரு விளக்கும் ஒரு செருகுதுளையும். அன்றிரவே பாதை தரையில் விரிக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலை நிறைத்தார்கள். நாற்பதைக் கடந்திருந்த மனிதர், வாழ்க்கையில் முதன்முறையாகத் திருகியைப் பற்றித் திருகினார். மின்மாற்றி இரைந்தது, வண்டி அசையவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரோ சிரிப்பைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. துருவைத் தடுத்த எண்ணெய், மின்சாரத்தையும் தடுக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று, அவசரத்தில் மறந்துவிட்டார். தண்டவாளத்தைத் துடைத்தார், இயந்திரத்தைக் கவிழ்த்துச் சில்லுகளைத் துடைத்தார், பெட்டிகளின் சில்லுகளிலிருந்த தாரைத் தென்னோலை ஈர்க்கின் நுனியாற் சுரண்டினார். ஒன்பதரை மணியளவில், முற்பகலிற் புறப்பட்ட பதுளை வண்டி தாமதித்து வந்தாற்போல, அது முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதிப் பிள்ளைகள் அதற்குள் உறங்கப் போய்விட்டார்கள்.

இன்று அவருக்குத் துணையாயிருப்பவள் பேத்தி. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறாள். சில்லைத் துடைப்பதற்கு எளிய வழியொன்றை அவளே கண்டுபிடித்தாள். ஸ்பிரித்தில் நனைத்த துணியைப் பாதையின் குறுக்கே விரித்து, இயந்திரத்தின் முற்பாதியை அதன்மேலும் பிற்பாதியைத் தண்டவாளத்தின் மேலும் நிறுத்தி, கையாற் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைக் கொடுத்தால், சில்லுகள் துணியிலே தாமாகச் சுழன்று தம் அழுக்கைத் தாமே துடைத்துக்கொள்ளும். பின்னர் திருப்பி நிறுத்தி மறுபாதி. துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் தோன்றும். முதன்முறை அதனைப் பார்த்த முதியவர் சிறிதுநேரம் பேசவில்லை. ஈர்க்கோடு கழிந்த இரவுகளை எண்ணியிருப்பார்.

"தாத்தா, இந்த இரும்புத் தண்டவாளத்தையே மாத்திறலாம். இப்ப வர்றதெல்லாம் நிக்கல் சில்வர். துருவே புடிக்காது" என்றாள் ஒருநாள்.

"வெள்ளியா?" என்று கேட்டார்.

"பேருதான் வெள்ளி. செம்பும் நாகமும் நிக்கலும். வெள்ளி ஒரு குண்டுமணிகூட இல்ல."

"காந்தம் புடிக்குமா?"

அவள் சற்று யோசித்தாள். அக்கலவையைக் காந்தம் பற்றாது. துருவேறாத பாதையில் இயந்திரத்தின் காந்தம் பயனற்றுப்போம்; மேசையின் ஓரத்தில் முதியவர் பலகை வைத்து அமைத்த ஏற்றத்தில் வண்டி சறுக்கும். நாட்டிற்கு வந்த புதுமைகள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய இந்நிலையை அவர் விரித்துரைக்கவில்லை. "அப்ப ஏறாது, பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எடுத்தார்.

மகன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்பவன். பழைய விளையாட்டு வண்டிகளுக்குச் சேகரிப்போரிடம் நல்ல விலையுண்டு என்பதைக் கைத்தொலைபேசியிற் பார்த்தறிந்தான். காம்பராவின் கூரைத் தகரம் ஒழுகுகிறது. பேத்தி பல்கலைக்கழகம் புகுந்தாற் செலவுண்டு. அவன் பேராசைக்காரன் அல்லன் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு போயா விடுமுறையில், வாங்கும் எண்ணமுள்ள கனவான் ஒருவரை அழைத்து வந்தான். முதியவர் முந்திய நாள் முழுவதும் துடைத்து வைத்திருந்தார். வந்தவர் இயந்திரத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். முதற்கேள்வி, "பழைய அட்டைப்பெட்டி இருக்கிறதா?" இல்லை, ஈரம் தின்றுவிட்டது. பின்னர் இயந்திரத்தின் பக்கவாட்டைச் சுட்டினார். அங்கே பொறிக்கப்பட்டிருந்த இலக்கம் அழிந்துபோயிருந்தது. கரும்பச்சையும் பல இடங்களில் வெளுத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் துடைத்த விரலே அதனை அழித்தது. தொடாமற் பெட்டிக்குள் வைத்திருந்தால் மூன்று மடங்கு கொடுப்பேன் என்றார் வந்தவர். வண்டியை ஓட்டிக் காட்டும்படி அவர் கேட்கவேயில்லை.

பொருள்களைத் தொடாமற் காப்பவரும் உலகில் வேண்டும். தொல்பொருட்சாலைகள் அவர்களாலேயே நிற்கின்றன. கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில், ஓடி ஓய்ந்த இயந்திரங்கள் வண்ணம் பூசப்பெற்று நிற்பதைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஆனால் அந்தக் கனவானின் விலைப்பட்டியலிற் கைபடாமை நிறைவு, கைபட்டமை குறை. முதியவரின் வாழ்க்கை முழுவதும் இரண்டாவது நிரலில் அடங்கிப்போயிற்று. அவர் சொன்ன விலைக்கு மகன் தலையாட்டினான். முதியவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வந்தவருக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். பேச்சு அந்த அளவில் நிற்கிறது, கூரை ஒழுகுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. மலைகள் சரிந்தன, மக்கள் மாண்டார்கள், மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்து சேவை நின்றுபோயிற்று. அந்த லயத்துக்கு நேர்ந்த சேதம் கூரையின் இரண்டு தகரங்கள் மட்டுமே. ஆனாற் கீழே கோச்சிச் சத்தம் இல்லை. பிறந்தது முதல் அச்சத்தத்தால் நேரம் கணித்தவருக்கு, காலை எது, மாலை எது என்பதே தடுமாறியது. மின்சாரம் மீண்ட பின்னர் அவர் நாள்தோறும் இருவேளை வண்டியை ஓட்டத் தொடங்கினார். கையோ முன்போல் அடங்குவதில்லை. துணி சுற்றிய விரல் நடுங்கித் தண்டவாளத்தைவிட்டு நழுவுகிறது. பேத்தி உள்வட்டத்தைத் துடைப்பாள், அவர் வெளிவட்டத்தை.

டிசெம்பரில், மழை விட்ட ஒரு பிற்பகலில், அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பேத்தியின் தோளைப் பற்றியவாறு பாதைக் கடவை வரையில் இறங்கிச் சென்றார். இரு மருங்கும் தண்டவாளம் வளைந்து பனிக்குள் மறைந்தது. வண்டி ஓடும் நாட்களில் வெள்ளிபோல் ஒளிரும் அதன் மேற்பரப்பு முழுவதும் செந்நிறமாய்க் கிடந்தது. குனிய முயன்றார், முடியவில்லை. பேத்தி குனிந்து, ஒரு விரலால் அதனைத் தொட்டு, அவரிடம் நீட்டினாள். அவர் மடியிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவள் விரலைத் துடைத்தார். காலையில் மேசைப் பாதையைத் துடைத்த அதே துண்டு. கறுப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு செங்காவிப் பொட்டு விழுந்தது.

"இதுக்கு எத்தன துணி வேணும் தாத்தா?" என்றாள் அவள்.

"துணி வேணாம் பாப்பா. ஒரு கோச்சி போனாப் போதும்" என்றார்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டை மடித்து மடியிற் செருகினார். இருவரும் லயத்தை நோக்கி ஏறத் தொடங்கினார்கள்.